உலோகத்துள் ஒளிந்திருக்கும் வெற்றிடம்



ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊர்களில் பிறந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஏரிக்கரை எங்கும் ஒரே காலத்தில் உடைவதில்லை. ஆயிரம் கெஜம் நீளமுள்ள கரையில் எங்கோ ஓரிடத்தில் நண்டு ஒன்று வளை தோண்டியிருக்கும். கோடையில் கரைமேல் நடந்து செல்பவர் எவரும் அதனைப் பொருட்படுத்தார். மழை பெய்து, ஏரி நிரம்பி, அலைகள் இரவும் பகலும் கரையை மோதத் தொடங்கியதும், அந்த வளையின் வழியே நீர் கசியும். கசிவு மண்ணை அரிக்கும், அரிப்பு பிளவாகும், ஓர் இரவில் கரை உடைந்து ஊர் வெள்ளக்காடாகும். மற்றப் பகுதியெல்லாம் உறுதியாயிருந்தும் பயனில்லை. மழைக்காலத்துக்கு முன்பு எங்கள் பாகலூர்ப் பக்கத்து முதியவர்கள் கரையைச் சுற்றி வந்தது கரையின் உயரத்தை அளப்பதற்காக அன்று. வளைகளைத் தேடி அடைப்பதற்காகவே.

இந்த நண்டு வளையை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், உலோகத்துக்குள் இருக்கும் இத்தகைய வளைகளைப் பற்றியது. முப்பரிமாண அச்சு முறையில் ஆக்கப்படும் உலோகப் பொருள்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. மீண்டும் மீண்டும் விழும் பாரத்தைத் தாங்கும் ஆற்றலை அவை எங்ஙனம் குறைக்கின்றன என்பதும், மனிதன் அவற்றோடு எங்ஙனம் போராடி வந்திருக்கிறான் என்பதுமே இப்பேச்சின் சாரம்.

இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஓசூர்ப் பகுதியில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் வேலை பார்க்கிறார். சில காலத்துக்கு முன் ஒரு மாலை வேளையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, காகிதத்தில் பொதிந்து கொணர்ந்த ஓர் உலோகத் துண்டை என் கையில் வைத்தார். ஓயாது அதிரும் ஒரு யந்திரத்தின் கரம் அது, இரண்டாக முறிந்திருந்தது.

"ஐயா, இது அச்சு யந்திரத்தில் எடுத்த உருப்படி. மாதிரித் துண்டை இழுவைச் சோதனைக்கு அனுப்பினோம், நன்றாகவே நின்றது. யந்திரத்தில் மாட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை, முறிந்துவிட்டது. தெறித்த துண்டு பக்கத்தில் நின்றவர் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது" என்றார்.

முறிந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினேன். ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. அதனைச் சுற்றி, குளத்தில் கல் எறிந்தாற்போல், மெல்லிய அலைக்கோடுகள் விரிந்திருந்தன. அவ்வலைகள் முடிந்த இடத்துக்கு அப்பால் உலோகம் கரடுமுரடாகக் கிழிந்து கிடந்தது. "தம்பி, இது ஒரே நாளில் முறியவில்லை. அந்தக் கரும்புள்ளியிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாக முறிந்து வந்திருக்கிறது" என்றேன். "அந்தப் புள்ளி என்ன ஐயா?" என்று அவர் கேட்டார். நான் பொறியியல் வல்லுநன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆகவே அவர் கேள்விக்கு ஆசிரியனுக்குரிய முறையில், வரலாற்றின் வழியே விடை தேடினேன். அவ்விடையையே இன்று உங்களிடம் கூறுகிறேன்.

வரலாற்றை வெகு தொலைவில் தொடங்க வேண்டுவதில்லை. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே தொடங்கலாம். மயிலாடும்பாறை என்னும் இடத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்த சான்றுகளை ஆராய்ந்ததில், அங்கே கி.மு. 2172 அளவிலேயே இரும்பு வழங்கியது என்னும் காலக்கணிப்பு 2022-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அப்பழங்காலத்து உலைகளின் வெப்பம் இரும்பை நீராய் உருக்கி ஓடவிடப் போதாது. தாதுவும் கரியும் சேர்ந்து எரிந்தபின் உலையின் அடியில் கிடைத்தது கடற்பஞ்சு போன்ற ஒரு கட்டி. அதற்குள் இரும்பும் இருக்கும், கசடும் இருக்கும், எண்ணற்ற துளைகளும் இருக்கும். அப்படியே அதில் ஒரு கோடரி செய்தால் இரண்டாம் வெட்டுக்கே உடைந்துவிடும்.

எனவே கொல்லன் அதைச் செக்கச் செவேலெனக் காய்ச்சிப் பட்டடைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தான். மறுபடியும் காய்ச்சி மறுபடியும் அடித்தான். ஒவ்வோர் அடியிலும் கசடு தெறித்து வெளியேறியது; துளையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொண்டன. கொல்லன் இரும்புக்கு உருவம் கொடுப்பதற்காக அடித்தான் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவன் முதற்கண் செய்தது வெற்றிடத்தை விரட்டியதுதான். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் உலோகத்துள் உள்ள துளை மூடும் என்பதை நம் கொல்லர்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். இச்செய்தி பின்னர் நமக்கு மிகவும் பயன்படப் போகிறது.

பிற்காலத்தில் உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் முறை பெருகியது. வார்ப்பிலும் இத்தொல்லை நீங்கவில்லை. உருகிய உலோகம் காற்றைக் கரைத்து வைத்திருக்கும். குளிரும்போது அக்காற்று குமிழாக வெளிப்படும். மேலும் உலோகம் உறையும்போது சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வேறு உலோகம் வந்து சேராவிடில் அங்கே பொந்து விழும். வார்ப்படப் பட்டறைகளில் இதனை 'ப்ளோ ஹோல்' என்றே தொழிலாளர்கள் கூறுவர். பாத்திரத்திலோ மணியிலோ இத்தகைய துளை இருந்தால் ஒழுகும், அல்லது ஓசை கெடும், அவ்வளவே. ஆனால், ஓயாது சுழலும் யந்திர உறுப்பில் துளை இருந்தால் என்னவாகும் என்பதை, புகைவண்டி தோன்றிய பிறகே உலகம் உயிர்ப்பலி கொடுத்து உணர்ந்தது.

1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள். பிரான்சு நாட்டில் வெர்சாய் நகரில் விழாக் கண்டு பாரிசுக்குத் திரும்பிய மக்களை ஏற்றிக்கொண்டு ஒரு புகைவண்டி வந்துகொண்டிருந்தது. முன்னால் இழுத்துச் சென்ற எஞ்சினின் அச்சு திடீரென முறிந்தது. பின்வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அண்டார்க்டிகாவரை சென்று மீண்ட தூமோன் தூர்வீல் என்னும் பிரெஞ்சுக் கடலோடியும் அவருள் ஒருவர்.

அச்சு முறிவதைப் பற்றி நம் வள்ளுவரும் கூறியிருக்கிறார். மயில் இறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அவர் காட்டும் உவமை. ஆனால் வெர்சாய் வண்டியின் அச்சைப் போன்று அக்காலத்தில் முறிந்த பல அச்சுகளில், பாரம் அளவைக் கடந்தது என்று காட்ட முடியவில்லை. நேற்றும் அதே பாரம், அதற்கு முன்தினமும் அதே பாரம். பல மாதங்கள் தாங்கிய அச்சு ஒருநாள் தாங்கவில்லை. இதுவே அன்றைய அறிஞர்களைத் திகைக்க வைத்த புதிர். இரும்பு களைத்துப் போயிற்று என்று சிலர் கூறினர். அதிலிருந்தே 'உலோகச் சோர்வு' என்னும் கருத்து பிறந்தது.

ஸ்காட்லாந்து நாட்டு ராங்கின் என்னும் இளம் பொறியாளர், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து 1843-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அச்சின் கனம் திடீரென மாறும் கூர்மையான மூலைகளில் வெடிப்பு தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே செல்கிறது என்று அவர் கண்டார். பின்னர் பிரஷ்ய நாட்டு இரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் என்பவர், 1850-களிலும் 1860-களிலும் அச்சுகளைச் சோதனை யந்திரங்களில் மாட்டி, இலட்சக்கணக்கான முறை வளைத்து வளைத்துப் பார்த்தார். அவர் கண்ட முடிவுகள் இரண்டு. ஒரே முறை இழுத்தால் முறியாத பாரமும், பன்முறை மாறி மாறி விழுந்தால் உலோகத்தை முறித்துவிடும் என்பது ஒன்று. பாரம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால், எஃகு எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும் என்பது மற்றொன்று. அந்த எல்லையே சோர்வு வலிமை எனப்படும்.

மாணவர்களே, இழுவைச் சோதனைக்கும் சோர்வுச் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு உணர்ந்து கொள்ளுங்கள். கம்பியை ஒரே முறை இழுத்து அறுப்பது முன்னது. அதே கம்பியைக் கையால் முன்னும் பின்னும் மடக்கி மடக்கி முறிப்பது பின்னதைப் போன்றது. முன்னதில் உலோகத்தின் முழுக் குறுக்களவும் சேர்ந்து பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே, எங்கோ ஓர் ஊசிமுனைத் துளை இருப்பதால் விளையும் குறை கணக்கில் தெரியாது. பின்னதிலோ மிக நலிந்த ஒரு புள்ளி தெரிந்தெடுக்கப்படுகிறது. அங்கே வெடிப்பு பிறந்து ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளர்கிறது. கோடையில் கரையைக் கடந்தவர் நண்டு வளையைப் பொருட்படுத்தாததும், ஓயாத அலை அதனைக் கண்டுபிடித்ததும் இதுபோன்றதே.

துளை இருந்தால் ஏன் அங்கே நலிவு தோன்ற வேண்டும்? இவ்வினாவுக்குக் கணித நூலார் விடை தந்தனர். ஒரு தகட்டின் நடுவே வட்டமான சிறு துளை இருப்பின், இழுக்கும்போது அத்துளையின் விளிம்பில் மற்ற இடங்களைப்போல் மும்மடங்கு தகைவு ஏற்படும் என்று ஜெர்மானியரான கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். துளை நீள்வட்டமாக, இழுப்புக்குக் குறுக்கே நீண்டிருந்தால் நிலைமை இன்னும் கொடிது என்று இங்கிலாந்தில் இங்கிலிஸ் என்பவர் 1913-இல் காட்டினார். அகலத்தைப்போல் பத்து மடங்கு நீண்ட துளையின் முனையில் தகைவு இருபத்தொரு மடங்காகிறது. உருண்டையான துளையை விடக் கூர்மையான துளை ஏன் கொடியது என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கு ஏட்டில் இருந்தும், உலகம் இன்னொரு முறை விலை கொடுக்க நேர்ந்தது. பயணிகளை ஏற்றிய முதல் ஜெட் விமானமான காமெட், 1952-இல் சேவையைத் தொடங்கியது. 1954 ஜனவரி 10-ஆம் நாள் அவ்வகை விமானம் ஒன்று எல்பாத் தீவின் அருகே வானிலேயே சிதறிக் கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். ஏப்ரல் 8-ஆம் நாள் மற்றொன்று இத்தாலிக்கு அருகே கடலில் வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர். இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு காமெட் விமானத்தின் உடலைப் பெருந்தொட்டி நீரில் அமிழ்த்தி, பறக்கும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்தனர். உண்மைப் பறப்புகளையும் சேர்த்து 3,057 பறப்புகளுக்குச் சமமான சுற்றில், சாளரத்தின் மூலையருகே உடல் கிழிந்தது. துளை இடவேண்டிய இடத்தில் துளையும், மூலை வேண்டிய இடத்தில் மூலையும் மனிதன் தானே அறிந்து வைத்தவை. அவற்றின் விளிம்பிலேயே வெடிப்பு பிறக்குமாயின், அறியாமலே உள்ளே தங்கிவிட்ட துளையைப் பற்றி என்ன சொல்வது?

இனி நம் காலத்துக்கு வருவோம். உலோகத்தைக் கடைந்து குறைத்து உருவாக்குவது பழைய வழி. அடுக்கடுக்காகச் சேர்த்து உருவாக்குவது புதிய வழி. இதன் தொடக்கம் 1980-களில் அமைந்தது. ஒளிபட்டால் இறுகும் திரவத்தைக் கொண்டு உருவங்களை அடுக்கடுக்காக ஆக்கும் முறையை ஜப்பானில் கொடாமா என்பவர் 1980-களின் தொடக்கத்தில் விளக்கினார். அமெரிக்காவில் சார்லஸ் ஹல் அத்தகைய முறை ஒன்றுக்கு 1986-இல் காப்புரிமை பெற்றார். அதே பத்தாண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கார்ல் டெக்கார்ட், பொடியை லேசர் ஒளியால் ஒட்டவைக்கும் முறையை உருவாக்கினார். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஆய்வாளர்கள் உலோகப் பொடியை லேசரால் முழுதும் உருக்கி உருவாக்கும் முறைக்கு வழி கண்டனர்.

அம்முறை இதுதான். மாவு போன்ற உலோகப் பொடி. அதன் மணிகள் பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரோமீட்டர் அளவின. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்பொடியைத் தலைமயிரினும் மெல்லிய அடுக்காகப் பரப்புவர். வேண்டிய இடத்தில் மட்டும் லேசர் கதிர் ஓடி உருக்கும். பிறகு அடுத்த அடுக்கு. ஓர் அடுக்கு 50 மைக்ரோமீட்டர் எனக் கொண்டால், பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள உருப்படிக்கு 2,000 அடுக்குகள் வேண்டும். நம் வீட்டு முற்றத்தில் கோலமிடும் பெண்மணி மாவினால் இழை இழுப்பதுபோல் லேசர் கதிர் உருக்கு இழைகளை இழுக்கிறது என்று சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு: கோலத்தின் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும்; இங்கே அறுந்த இழையை அடுத்த அடுக்கு மூடி மறைத்துவிடும்.

இங்ஙனம் மறைந்துபோகும் துளைகள் மூவகைப்படும். முதலாவது, கதிரின் ஆற்றல் குறைந்தோ, வேகம் மிகுந்தோ போவதால் வருவது. உருகல் கீழடுக்கை எட்டாமல், இரண்டு அடுக்குகளுக்கிடையே தட்டையான, ஒழுங்கற்ற பொந்து விழும். அதனுள் உருகாத பொடி மணிகளும் கிடக்கும். கூர்மையான ஓரங்களை உடைய இதுவே மிகக் கொடியது. இரண்டாவது, ஆற்றல் மிகுந்து போவதால் வருவது. கதிர் பட்ட இடத்தில் உலோகம் கொதித்து ஆவியாகி ஆழமான குழி உண்டாகும். அக்குழியின் அடி நெருக்குண்டு மூடும்போது ஒரு குமிழ் உள்ளே சிறைப்படும். மூன்றாவது, பொடி செய்யும் காலத்திலேயே அதன் மணிகளுக்குள் புகுந்துவிட்ட ஆர்கான் வாயு. இவ்வகை பெரும்பாலும் சிறியதாய், உருண்டையாய் இருக்கும். ஆகவே கதிர் குறைந்தாலும் குற்றம், மிகுந்தாலும் குற்றம். இரண்டுக்கும் இடைப்பட்ட செவ்விய நிலையைக் கண்டு யந்திரத்தை நடத்துவதே இத்தொழிலின் கலை.

"எங்கள் உருப்படி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரைக்கு மேல் அடர்த்தி உடையது" என்று விற்போர் கூறுவர். அது பொய்யன்று. ஆனால் அதைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. எஞ்சிய அரைப் பங்கு எங்கே, எவ்வடிவில், எவ்வளவு பெரிய துளையாக இருக்கிறது என்பதே கேள்வி. ஏரிக்கரையில் ஆயிரம் எறும்புப் புற்றுகள் இருக்கலாம். உடைப்பது ஒரு நண்டு வளை. சராசரி இங்கே உதவாது. மிகப் பெரிய துளை எது என்பதே உயிரைக் காக்கும் கேள்வி.

இதைக் கணக்காக அமைத்துத் தந்த பெருமை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகப் பேராசிரியர் முரகாமிக்கு உரியது. 1980-களில் அவரும் அவர்தம் குழுவினரும் கண்ட விதி வியக்கத்தக்க எளிமை உடையது. இழுப்பின் திசையில் நின்று நோக்கினால் துளை காட்டும் பரப்பு எவ்வளவு என்று கண்டு, அதன் வர்க்கமூலத்தைத் துளையின் அளவாகக் கொள்ள வேண்டும். இந்த அளவு இரண்டு மடங்கானால் சோர்வு வலிமை ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொன்று குறைகிறது. பத்து மடங்கானால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. துளை இருக்கும் இடமும் முக்கியம். ஒரே அளவுள்ள துளை உட்புறம் ஆழத்தில் இருப்பதைவிட மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் வலிமை மேலும் குறையும். வளைவும் முறுக்கும் ஏற்படும் உறுப்புகளில் தகைவு மிகுவது மேற்பரப்பிலேயே. உள்ளே பிறக்கும் வெடிப்புக்குக் காற்று கிட்டாதபடியால் அது மெதுவாகவே வளர்கிறது. ஆகவே அளவு, இடம், வடிவு என்னும் மூன்றும் கேட்டறிய வேண்டியவை. என் மாணவர் கொணர்ந்த துண்டில் கரும்புள்ளி ஓரத்தில் இருந்தது என்றேன் அல்லவா? அதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

கேடு எங்கிருந்து வருகிறது என்று அறிந்தால் மட்டும் போதாது; அதை நீக்கும் வழி என்ன? இங்கேதான் நம் மயிலாடும்பாறைக் கொல்லன் திரும்பி வருகிறான். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் துளை மூடும் என்றல்லவா அவன் அறிந்திருந்தான்? 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பஸ் நகரிலுள்ள பாட்டெல் ஆய்வு நிலையத்தார், அணு உலைக்கான எரிபொருளுக்கு உலோக உறை ஒட்டுவதற்காக ஒரு முறை கண்டனர். தடித்த கலத்துள் பொருளை வைத்து, வெப்பமூட்டி, வாயுவை உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தி எல்லாப் பக்கமும் ஒருசேர நெருக்கும் முறை அது. பின்னர் வார்ப்புத் துளைகளை மூடவும், இப்போது அச்சு உருப்படிகளின் துளைகளை மூடவும் அது பயன்படுகிறது. டைட்டானியக் கலவைக்கு ஏறத்தாழ 920 டிகிரி வெப்பத்தில், காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கு அழுத்தத்தில், இரண்டு மணி நேரம் வைப்பது வழக்கம். கொல்லனின் சம்மட்டி ஒரு பக்கத்திலிருந்து அடித்தது. இது எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓசையின்றி அடிக்கும் சம்மட்டி.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. மேற்பரப்போடு தொடர்புடைய துளை இம்முறையில் மூடாது. நெருக்க வேண்டிய வாயு அதனுள்ளேயே புகுந்துவிடும். துளைக்குள் அடைபட்ட ஆர்கான் டைட்டானியத்தில் கரையாது; பின்னால் உயர்ந்த வெப்பத்தில் காய்ச்சினால் அதே இடத்தில் மீண்டும் குமிழ் விடக்கூடும். மேற்பரப்பின் சொரசொரப்பும் துளையைப் போலவே வெடிப்பைப் பிறப்பிப்பதால் அதைக் கடைந்து வழவழப்பாக்க வேண்டும். ஆனால் கடையும்போதே, உள்ளே பதுங்கியிருந்த துளை வெளிமுகத்துக்கு வந்துவிடுவதும் உண்டு. ஒரு குற்றத்தை நீக்கும்போது வேறொரு குற்றத்தை வரவழைக்காமல் இருக்க வேண்டுமே! மேலும், நெடுநேர வெப்பத்தால் உலோகத்தின் நுண்ணிய அமைப்பு பருத்து, வலிமை சிறிது குறைகிறது.

இந்த இக்கட்டைக் கடக்கச் சீனத்தின் ஷென்யாங் நகர் உலோக ஆய்வு நிலையத்தார் செய்த முயற்சி 'நேச்சர்' இதழில் 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. டைட்டானியக் கலவையை அச்சிட்டு, அழுத்தத்தால் துளைகளை மூடி, பின்பு மிக உயர்ந்த வெப்பத்தை மிகக் குறுகிய நேரமே காட்டி, துளைகள் மீண்டும் திறவாமலும் மணிகள் பருக்காமலும் நுண்ணமைப்பை மீட்டனர். அச்சிட்டபடியே இருந்தபோது 475 மெகாபாஸ்கலாக இருந்த சோர்வு வலிமை, இதன்பின் 978 மெகாபாஸ்கலாக உயர்ந்தது. இரு மடங்குக்கும் மேல்! அச்சு உலோகம் இயல்பிலேயே நலிந்தது என்று எண்ணியிருந்தோர்க்கு இது தக்க விடை. நலிவு உலோகத்தில் இல்லை. அதனுள் நாம் விட்டுவைத்த வெற்றிடத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலும் இத்தொழில் வேரூன்றிவிட்டது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலைக்குரிய எஞ்சினை அச்சு முறையில் ஆக்கி, நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் 2024 மே 9-ஆம் நாள் 665 விநாடிகள் தொடர்ந்து எரித்துச் சோதித்தனர் இஸ்ரோ அறிஞர்கள். அதனை அச்சிட்டது பெங்களூரைச் சேர்ந்த விப்ரோ முப்பரிமாணப் பிரிவு. முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒரே பாகமாயிற்று. 19 பற்றவைப்புகள் மறைந்தன. முன்பு 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமாயிற்று. அதே மே மாதம் 30-ஆம் நாள், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சின் பொருத்திய ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தியது.

இவை நாம் நெஞ்சு நிமிரத்தக்க சாதனைகள். ஆயினும் இவற்றிலிருந்து ஒரு பாடத்தையும் கற்க வேண்டும். பத்தொன்பது பற்றவைப்புகள் இருந்தபோது, சோதிக்க வேண்டிய இடங்கள் எவை என்று தெரிந்திருந்தது. வெளியிலிருந்தே ஒவ்வொன்றையும் நோக்கலாம். இப்போது இணைப்பு என்று தனியே ஒன்றும் இல்லை. அல்லது, லேசர் ஓடிய ஒவ்வோர் இழையும் ஓர் இணைப்பே. காவல் காக்க வேண்டிய கரை குறைந்துவிடவில்லை; உள்ளே மறைந்துவிட்டது. ஆகையால்தான் இத்தகைய உறுப்புகளை எக்ஸ்ரே கொண்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் பிடித்து, உட்புறத்தைக் கணினியில் மீண்டும் கட்டிப் பார்க்கின்றனர்.

ராக்கெட்டின் எஞ்சின் சில நூறு விநாடிகளே எரிகிறது. நாம் அன்றாடம் ஏறிச் செல்லும் வாகனத்தின் நிலை வேறு. மோட்டார் சைக்கிள்கள் உருவாகும் ஊர் ஓசூர். ஆதலால் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால், அதன் இணைப்புத் தண்டு ஒரு மணி நேரத்தில் 3,60,000 முறை இழுபட்டு நெருக்குண்கிறது. ஒரு கோடி முறை என்பது ஏறத்தாழ இருபத்தெட்டு மணி நேர ஓட்டத்திலேயே நிறைவேறிவிடும். சோர்வுச் சோதனையில் ஒரு கோடி என்பதே பெரும்பாலும் முடிவெல்லை. உங்கள் தமையனார் ஓட்டும் வண்டி அவ்வெல்லையை ஓரிரு மாதங்களில் கடந்துவிடுகிறது. ஆகவே, நாளை இத்தகைய உறுப்புகள் அச்சு முறையில் வருமானால், ஓயாத அலைக்கு நிற்கும் கரையாக அவை இருக்க வேண்டும்.

என் மாணவருக்கு நான் கூறிய விடையைச் சுருக்கிச் சொல்கிறேன். "தம்பி, அந்தக் கரும்புள்ளி ஒரு வெற்றிடம். அது உருப்படி பிறந்த அன்றே அதனுள் பிறந்தது. இழுவைச் சோதனை அதைக் காணவில்லை; காணும் ஆற்றல் அச்சோதனைக்கு இல்லை. இனி உருப்படி வாங்கும்போது அடர்த்தி எத்தனை பங்கு என்று கேட்பதோடு நில்லாதே. மிகப் பெரிய துளை எவ்வளவு, அது மேற்பரப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அழுத்தி மூடினார்களா, கடைந்த பின்னரும் சோதித்தார்களா, சோர்வுச் சோதனை செய்தார்களா என்றெல்லாம் கேள். அந்த யந்திரத்தின் பக்கத்தில் நிற்கப்போகிறவரை நினைத்துக்கொண்டு கேள்" என்றேன். அவர் துண்டை மீண்டும் காகிதத்தில் பொதிந்து எடுத்துச் சென்றார். அடுத்த முறை வந்தபோது, தம் தொழிற்கூடத்தில் இப்போது இக்கேள்விகள் எழுதிய தாள் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருப்பதாகக் கூறினார். ஆசிரியனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும், கோவையிலும் சென்னையிலும், யந்திரங்களின் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள். உங்கள் கையால் பிறக்கும் உறுப்பை நம்பி முன்பின் அறியாத ஒருவர் வானில் பறப்பார். வேறொருவர் மலைச்சாலையில் வண்டி ஓட்டுவார். அவர்களால் உலோகத்தின் உள்ளே நோக்க முடியாது. உங்களால் முடியும். மழைக்கு முன் கரையைச் சுற்றி வந்த எங்கள் ஊர் முதியவர்களுக்கு யாரும் மாலையிட்டதில்லை. உடையாத கரையைப் பற்றி ஊரார் பேசுவதும் இல்லை. ஆயினும் அவர்கள் குனிந்து தேடி அடைத்த வளைகளால்தான் அவ்வாண்டு வயல் விளைந்தது. அத்தகைய கண்ணும் பொறுமையும் உங்களுக்கும் வாய்க்குமாக!